ஊமைப் பவுசர்

இரண்டு மணி பத்துக்கு ஃபோன்.
"எரியுது" என்றது ஒரு குரல்.
எங்கே என்றேன்.
மறுபடியும் "எரியுது."
வேறொருவர் பறித்துச் சொன்னார்:
காத்தான்குடி, பெரிய ரோட்டு,
பௌமியின் மெத்தைக் கடை.

இருட்டில் நான் கால் நுழைத்தது
நிம்சாத்தின் சப்பாத்துக்குள்.
ஒரு அளவு சின்னன்.
என்னுடையதற்குள் அவன்
படியிறங்கிக்கொண்டிருந்தான், தடார் தடாரென்று.

டெரன்ஸ் பார்த்தெலோ சாவியைத் திருக
மூன்றாம் தரம் எஞ்சின் எழும்பியது.
கூரையில் சிவப்பு சுற்றத் தொடங்கியது.
சைரன் மட்டும்
ஒருக்கால் செருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
"போன கிழமையே எழுதிக் குடுத்தனான்" என்றான்.
ஆரிட்ட என்று நாங்கள் கேட்கவில்லை.

ஊமையாய்ப் போனோம்.
நான் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு
ஸ்பனரால் கதவில் அடித்துக்கொண்டே வந்தேன்.
கல்லடிப் பாலத்தில் ஒரு நாயும் இல்லை.
கீழே வலை வீசிய ஒருவர்
டோர்ச்சை உயர்த்திப் பார்த்துவிட்டு
வாவிக்கே திருப்பிக்கொண்டார்.
நாவற்குடாவில் நடு ரோட்டில் மாடுகள்.
சிவப்பு வெளிச்சம் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.
சாந்தரூபன் குதித்து இறங்கி
ஒன்றின் முதுகில் தட்டி
"எழும்பம்மா, அவசரம்" என்றான்.
எழும்பியது. அவசரமில்லாமல்.

மெத்தை எரிவது
வீடு எரிவதைப் போல் இல்லை.
படபடக்காது. உள்ளுக்குள்ளேயே நகரும்,
நித்திரையில் புரள்கிறவனைப் போல.
அணைந்துவிட்டது என்று நாம் திரும்பினால்
மற்றப் பக்கம் புரண்டு படுக்கும்.
ஸ்பொஞ்சின் கறுப்புப் புகையில்
என் கையே எனக்குத் தெரியவில்லை.
மேலே பெயர்ப்பலகையில்
'சுக நித்திரை' கொப்பளித்துக்கொண்டிருந்தது.

பவுசர் வற்றியபோது
பள்ளிவாசல் கேற்றைத் திறந்துவிட்டார்கள்.
முகம் கழுவி, கால் கழுவி
தொழப் போகிற தண்ணீர்.
ஹவுளின் அடிப்பாசி தெரியும்வரை உறிஞ்சினோம்.

பௌமி சாரத்தை மடித்துக் கட்டியபடி
கதவே இல்லாத கடையின் சாவியைப்
பிடித்துக்கொண்டு நின்றார்.
"சத்தம் ஒண்டும் கேக்கல்ல மனே,
நீங்க வரல்லயெண்டு நினைச்சிட்டன்."

சுபஹ் பாங்கு சொல்லி முடிந்த பிறகு திரும்பினோம்.
கல்லடியில் ஒரு குழி.
முன்சில்லு விழுந்து எழும்பியதும்
சைரன் விழித்துக்கொண்டது.

டெரன்ஸ் சுவிட்சைத் தட்டினான், குத்தினான்,
அவனுக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் ஏசினான்.
அது நிற்கவில்லை.
வீடு வீடாக லைட் விழுந்தது.
கதவுகள். பிள்ளைகள், இடுப்பிலும் தோளிலும்.
மேலாடை இல்லாத ஒரு கிழவர்.
முடிச்சுப் போட்ட பொலித்தீன் பையோடு ஒருத்தி.
ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.
எல்லா முகமும்
கடல் பக்கம்.

"ஒண்டுமில்ல! ஒண்டுமில்ல!"
நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை.
டெரன்ஸ் கடைசியில் வயரைப் பிய்த்தான்.

பிறகு கடல் கேட்டது,
வழமையான சத்தத்தில்.

"மறுகா ஏன் கத்தின நீங்க?"
பையோடு நின்றவள் கேட்டாள்.
எங்களிடம் பதில் இல்லை.
முடிச்சை அவிழ்த்து, தெருலைட்டின் கீழ்
ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்:
பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி,
தடுப்பூசி மட்டை.
எல்லாம் இருந்தது. திரும்பவும் முடிந்தாள்.
அந்த முடிச்சை அவள் விரல்கள்
பார்க்காமலே போட்டன.

அதன்பிறகுதான் எங்கள் கரி முகம் கண்டாள்.
"எங்க எரிஞ்ச?"
"காத்தான்குடி. மெத்தைக் கடை."
"ஆக்களுக்கு?"
"ஒண்டுமில்ல."
இந்தத் தரம் நம்பினாள்.
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்,
தாழ்ப்பாள் போடவில்லை.

நிலையத்தில் சப்பாத்தைக் கழற்ற
குதிக்கால் தோலும் சேர்ந்து வந்தது.
நிம்சாத் பதிவுப் புத்தகம் நிரப்பினான்.
அழைப்பு 2.10. தீ கட்டுப்பாட்டில் 4.25.
உயிர்ச்சேதம் இல்லை.
கல்லடிக்கு அதில் கட்டம் இல்லை.

'சைரன்' என்ற இடத்தில்
பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தான்.
பொய் சொல்ல ஏலாது.

வேலை செய்கிறது என்று
எழுதச் சொன்னேன்.